கறை பிடித்த கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போன கதை

நான் பாலையூற்றில் வீட்டோடு ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் கட்டாரில். மகள் திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் போன வருடம் தரம் 10 படித்தாள். அவளுடைய விஞ்ஞானச் செயற்றிட்டம் கல்வி வலயத்தில் தெரிவாகி, மாகாணத்தில் முதலிடம் எடுத்து, தேசிய மட்டத்துக்குக் கொழும்பு வரை போனது. அங்கே என்ன நடந்தது, எவ்வளவு காசு போனது, நான் எங்கே பிழை விட்டேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். முன்னமே யாராவது சொல்லியிருந்தால் 50,000 ரூபாவும் மகளின் இரண்டு கிழமைச் சாப்பாடும் மிஞ்சியிருக்கும். சாப்பாடு என்றது, திரும்பி வந்த பிறகு அவள் கோப்பையில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போன நாட்களை.

எல்லாம் தொடங்கியது என் அம்மா செத்த வீட்டில். அந்தியேட்டிக் கிரியைக்கு எங்கள் ஊரில் பலர் செய்வதுபோல நாங்களும் கன்னியாவுக்குப் போனோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கன்னியா வெந்நீரூற்று நகரத்திலிருந்து அனுராதபுர வீதியால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். பக்கத்துப் பக்கமாய் ஏழு சின்னக் கிணறுகள், எட்டிப் பார்த்தால் அடி தெரியும். இராவணன் தன் தாயின் கருமத்துக்காக உண்டாக்கியது என்று சொல்லுவார்கள். நாங்கள் அழுகையும் குளிப்புமாக நிற்க, மகள் ஒவ்வொரு கிணற்றிலும் கையை விட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். "அம்மா, ஏழும் ஒரே சூடு இல்ல" என்றாள். அந்த நேரம் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச நாளில் விஞ்ஞான மிஸ் வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறா. ஊரில் இருக்கிற ஏதாவது ஒன்றை மூன்று மாதம் விடாமல் பார்த்து எழுத வேண்டும். ஒரு பெடியன் பஸ் நிலையப் பக்கம் திரியும் மான்களை எண்ணினான். (எங்கள் ஊரில் மான் ஆட்டைப்போலத் தெருவில் நிற்கும், வெளியூர்க்காரருக்குத்தான் அது புதினம்.) மகள் கன்னியாவைச் சொன்னாள். அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு சனிக்கிழமை, விடிய பஸ் ஏறிப் போய் கன்னியாச் சந்தியில் இறங்கி நடந்தோம். நானும் கூடப் போகத்தான் வேண்டும், தனிப் பெண்பிள்ளையை விட முடியாது. பிளாஸ்கில் தேத்தண்ணீரும் பாணும் என் பங்கு, மிச்சமெல்லாம் அவள்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தவள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்து வெப்பமானியைத் தங்கூசி நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினால், மேலே தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடிப்பதற்குள் காற்றுப் பட்டு அளவு இறங்கிவிடும். முதல் சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது. அடுத்த கிழமை அவள் அம்மம்மாவின் வெறும் மருந்துப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெப்பமானியின் குமிழைப் போத்தலுக்குள் விட்டுக் கட்டி, ஈயக்குண்டு ஒன்றையும் சேர்த்து இறக்கினாள். தூக்கும்போது கிணற்றுத் தண்ணீரும் போத்தலோடு வருகிறது, குமிழ் அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, ஆறுதலாக வாசிக்கலாம். எனக்கு ஊசியில் நூல் கோப்பது எப்படியோ அப்படி அவளுக்கு அது பழகிப்போனது. வீட்டில் ஐஸை நொறுக்கி, அது உருகும்போது வெப்பமானி 0 காட்டுகிறதா என்றும் பார்த்தாள். 1 காட்டியது. அதனால் எல்லா வாசிப்பிலும் 1 பாகை கழித்து எழுதினாள்.

எழுதியது ஒரு சி.ஆர். கொப்பியில், கனத்த மட்டை போட்ட பெரிய கொப்பி. காலை 7 மணிக்கு ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஒருமுறை, 10 மணிக்குக் கூட்டம் வாளி வாளியாக அள்ளி வார்த்த பிறகு ஒருமுறை. வெயிலா, மப்பா, முதல்நாள் மழை பெய்ததா, கச்சான் காற்று அடித்ததா, எத்தனை பேர் நின்றார்கள், எல்லாம் பக்கத்தில். கொப்பி தண்ணீர் பட்டுப் பொம்மிவிட்டது. ஒரு பக்கத்தில் என் சம்பல் கறை. நாலாம் கிணற்றுக்கு நேரே ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "ஆக்கள் அள்ள அள்ள சூடு கூடுது. மப்பு நாளிலும் கூடுது. ஏன்?" அந்த 'ஏன்' அடியில் மூன்று கோடு.

மிஸ் அதைப் பார்த்துத்தான் போட்டிக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தா. மழைத்தண்ணி பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகித் திரும்ப மேலே வருகிறது, ஒரு கிலோமீற்றர் கீழே போனால் 25, 30 பாகை கூடும், எரிமலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவதான் விளங்கப்படுத்தினா. அள்ளினால் மேலே ஆறிக் கிடந்த தண்ணி போய் அடியிலிருந்து புதுத் தண்ணி வருவதால் சூடு கூடக்கூடும், ஆனால் அதை இன்னும் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னா. வலயத்துக்கும் மாகாணத்துக்கும் இரண்டு பிரிஸ்டல் போட்டில் கையால் கீறிய வரைபும் அந்தக் கொப்பியும் மருந்துப் போத்தலும்தான் போயின. மாகாணத்தில் ஒரு நடுவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

முதலிடம் என்றதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. படம் போட்டேன், கணவர் அங்கே அறைக்காரர் எல்லாருக்கும் காட்டினார். பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒருவர், "தேசிய மட்டம் எண்டா இப்பிடி மட்டையோட போகேலாது, கொழும்புப் பிள்ளைகள் மோட்டர் லைட் எல்லாம் வச்சுச் செய்வினம்" என்று எழுதினார். அது என் மண்டைக்குள் ஏறிவிட்டது. நகரத்தில் செயற்றிட்டம் செய்து கொடுக்கிற ஒரு இடத்துக்குப் போனேன். கன்னியாவை அப்படியே ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்து, மீன்தொட்டி மோட்டர் வைத்துத் தண்ணீர் பொங்கவைத்து, அடியில் சிவப்பு லைட் போடலாம் என்றார்கள். 18,500 ரூபா. பிளெக்ஸ் இரண்டு 6,400. அறிக்கையைத் தட்டச்சு செய்து கலரில் மூன்று பிரதி 4,200. மகள் ஒரே ஒருமுறை, "அம்மா, மொடல் எதுக்கு?" என்று கேட்டாள். நான் அவளை அதட்டிவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காசு போனதை விடப் பெரிய பிழை அந்தக் கலர் அறிக்கையில் நடந்தது. தட்டச்சு செய்த தம்பி, பிழை சொல்லக்கூடாது, வடிவாகத்தான் செய்தார். ஒரு நாளைக்கு இரண்டு வாசிப்பு இருந்தால் அட்டவணை பெரிதாகும், சராசரி போட்டால் வடிவு என்றார். நானும் ஓம் என்றேன். நாலாம் கிணறு ஒருநாள் 7 மணிக்கு 39.5, 10 மணிக்கு 40.5. இன்னொரு நாள் 39, 41. இரண்டுக்கும் சராசரி 40. அடுத்த கிழமையும் 40. பிள்ளை மூன்று கோடு போட்டுக் கேட்ட 'ஏன்' சராசரிக்குள் போய்ச் செத்துவிட்டது, நான் அதற்குக் காசும் கொடுத்தேன். மிஸ்ஸுக்குக் காட்ட நேரமில்லை என்று நேரே அச்சுக்குக் கொடுத்ததும் நான்தான். உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்தால், அறிக்கையை யார் தட்டச்சு செய்தாலும் இலக்கங்களைப் பிள்ளையே மூலக் கொப்பியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சராசரி போடுவதா இல்லையா என்பது பிள்ளையும் பொறுப்பாசிரியரும் எடுக்க வேண்டிய முடிவு. கடைக்காரரோ அம்மாவோ அதில் தலைபோடக் கூடாது.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மிஸ்ஸின் மகனுக்குக் காய்ச்சல் கடுமையாகி ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். அவ வர முடியாது. பாடசாலையில் வேறு யாரையும் விட முடியாத நேரம், தவணைப் பரீட்சை. "நீங்க அம்மாதானே, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்கள். சம்மதித்துவிட்டேன், ஆனால் கையில் எந்தக் கடிதமும் இல்லாமல் புறப்பட்டேன். கொழும்பில் வாசலில், பொறுப்பாசிரியர் யார், அதிபரின் கடிதம் எங்கே என்று கேட்டு முக்கால் மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் மிஸ் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று போனில் கதைத்துத்தான் உள்ளே விட்டார்கள். ஆசிரியர் வர முடியாமல் போனால் பதிலுக்கு யார் போகிறார் என்று அதிபரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். அதோடு, அந்த நாட்களில் பிள்ளை பாடசாலை சார்பாகப் போகிறாள் என்று இன்னொரு கடிதமும். அது இல்லாததால் கணிதத் தவணைப் பரீட்சைக்கு மகளுக்கு வரவில்லை என்று போட்டு, திருத்துவதற்கு ஒரு மாதம் அலைந்தோம்.

இரவு ரயிலில் போனோம். ரெஜிபோம் மொடல் ஒரு தேத்தண்ணி மேசை அளவு. சாமான் தட்டில் ஏறாது, மடியில் வைக்கவும் முடியாது. கதவுப் பக்கம் நிறுத்திவைத்து நான் காவலுக்கு நின்றேன். கல் ஓயாச் சந்தியில் ரயில் நெடுநேரம் நின்றபோது ஏறி இறங்கிய கூட்டத்தில் ஒருவரின் பயணப்பை இடித்து, மூன்று கிணறு ஒரே கிணறாகிவிட்டது. அந்த மனிதர் பாவம், சிங்களத்தில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான். விடியக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, ஆட்டோவுக்குள் மொடல் போகாமல் இரண்டு ஆட்டோ பிடித்தோம். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். தங்கலும் சாப்பாடும் 11,500, ரயிலும் ஆட்டோவும் போக வர 9,800. மொத்தமாகக் கூட்டினால் 50,400 ரூபா. தையல் கடை பூட்டிக் கிடந்ததில் ஒரு கல்யாண வீட்டு ஓடர் கைவிட்டுப் போனது, அது வேறு 15,000.

அடுத்த நாள் மண்டபத்தில் பெற்றோரைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் விட்டார்கள். என் பயம் எல்லாம் மொடலைப் பற்றி. சோடா மூடியும் பசையும் வைத்து இரவிரவாக ஒட்டியிருந்தேன். மோட்டர் ஓடியது, லைட் எரிந்தது, தண்ணீர் பொங்கியது. நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் தமிழ் அம்மா. மொடலை அவர்கள் ஒரு நிமிசம்கூடப் பார்க்கவில்லை. முதல் கேள்வி, "கன்னியாவை விட அம்பாறைப் பக்கம் மகா ஓயா ஊற்று ஏன், மகள், கூடச் சுடுது?" தண்ணீர் எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு வேகமாக மேலே வருகிறது, வழியில் எவ்வளவு குளிர்ந்த தண்ணீர் கலக்கிறது என்பதில் தங்கியிருக்கலாம் என்று மகள் நன்றாகத்தான் சொன்னாள். அந்த அம்மா தலையாட்டினார். பிறகு கலர் அறிக்கையைத் திறந்தார். நாலாம் நிரலில் விரலை வைத்தார். "40, 40, 40, 40. இயற்கையில இப்பிடி வராதே. எத்தனை மணிக்கு அளந்தீங்க? ஆட்கள் குளிக்க முதலா, பிறகா?" மகள் சொன்னாள், "ரெண்டு தரமும் மிஸ். ஆக்கள் அள்ளின பிறகு அதில சூடு கூடும்." அவர் பக்கங்களைப் புரட்டினார். "அது இதில இல்லையே. நீங்க கையால எழுதின கொப்பி எங்க?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கொப்பி எங்கே இருந்தது தெரியுமா? வீட்டில், தையல் மேசையில், துணிக்கட்டுக்கு அடியில். கறை பிடித்திருக்கிறது, நாலு பேர் முன்னால் வைக்க அவமானம் என்று நான்தான் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு வந்தேன். வெளியே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவ சாவி தேடி, வீட்டைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்ப 12 மணி தாண்டிவிட்டது. அதற்குள் நடுவர்கள் எங்கள் வரிசையை முடித்து அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் போனைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். அந்தத் தமிழ் நடுவர் மரியாதையாகத்தான் சொன்னார், "புள்ளி போட்டாச்சு அம்மா. பிள்ளை கெட்டிக்காரி. இந்தப் பக்கத்தை ஏன் முதலே காட்டேல்ல?" நாலாம் கிணற்றுப் பக்கத்தை விரலால் பெரிதாக்கி, அந்த மூன்று கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

அதனால் சொல்கிறேன்: மூலக் கொப்பி எவ்வளவு ஊத்தையாக இருந்தாலும் கையோடு போக வேண்டும். ஒவ்வொரு கிழமையும் எழுதி முடித்த கையோடு அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, திகதியோடு ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். வெட்டிய இலக்கத்தை அழிக்க விடாதீர்கள், ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதட்டும், வெட்டினதும் தெரிய வேண்டும். பயன்படுத்திய சாமானையும் கொண்டுபோங்கள். எங்கள் மருந்துப் போத்தலும் வீட்டில்தான் கிடந்தது, அதை மேசையில் வைத்திருந்தால் நடுவர்கள் அதைப் பற்றியே பத்து நிமிசம் கேட்டிருப்பார்கள். நடுவர் குழுவில் தமிழ் தெரிந்தவர் இருப்பாரா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம், பக்கத்து மேசையில் நின்ற மன்னார்ப் பெடியனுக்கு அப்படி அமையவில்லை, அவன் பாதியைக் கையால் காட்டி விளங்கப்படுத்தினான். ஒரு பக்கச் சுருக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வைத்திருந்தால் உதவும். அதற்குச் செலவழித்தால் அது செலவில்லை.

இடம் கிடைக்கவில்லை. பங்குபற்றிய சான்றிதழ் ஒன்று கிடைத்தது, அதிலும் பெயர் பிழை. தமிழில் சரி, ஆங்கிலத்தில் 'எச்' எழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. விண்ணப்பத்தை யாரோ காதால் கேட்டு நிரப்பியிருக்கிறார்கள். சும்மா ஒரு எழுத்துத்தானே என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஓய்வுபெற்ற அதிபர் பேசிப் புரியவைத்தார்: நாளைக்கு நேர்முகத்தேர்வு ஒன்றில் அடையாள அட்டையோடு வைத்துப் பார்ப்பார்கள், இவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து பழைய மாணவி என்ற வகையில் முதலாம் தரத்துக்கு விண்ணப்பித்தால் அப்போதும் இந்தக் கடதாசிகளுக்குப் புள்ளி உண்டு. பிறப்புச் சான்றிதழின் பிரதியும் அதிபரின் கடிதமும் வைத்து, மூலச் சான்றிதழைத் திருப்பி அனுப்பித் திருத்தி எடுக்க மூன்று மாதம். அனுப்ப முதல் அதை ஒரு போட்டோ கொப்பி அடித்து வைத்தது மட்டும்தான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்தியான வேலை. விண்ணப்பம் நிரப்பும் நாளில் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் மகள் என்னோடு நேரே கதைக்கவில்லை. கோபித்துச் சண்டை பிடித்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கேட்டதுக்கு ஓம், இல்லை. ஒரு இரவு தைத்துக்கொண்டிருந்த நான் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "பிழை என்ர பிழைதான் பிள்ளை, அந்தக் கொப்பியை எனக்கு ஒருக்காக் காட்டித் தாங்கோ" என்றேன். மூன்று மாதம் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன், ஒரு நாளும் அதை வாசித்ததில்லை. அவள் காட்டினாள். ஐந்தாம் சனிக்கிழமைப் பக்கத்தில் ஓரத்தில், "இண்டைக்கு அம்மா கிணத்தடியில அழுதவ. அம்மம்மா ஞாபகம். வாசிப்பு 20 நிமிசம் பிந்தி" என்று இருந்தது. விஞ்ஞானக் கொப்பியில் அதையும் நேரத்தோடு எழுதியிருக்கிறாள்.

இப்போது அவள் தரம் 11, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ரெஜிபோம் கன்னியாவில் நான் நூல்கட்டை வைத்திருக்கிறேன், ஏழு கிணற்றுக்கும் ஏழு நிறம். மோட்டர் பக்கத்து வீட்டு அக்காவின் மீன்தொட்டியில் ஓடுகிறது. போன மாதம் தரம் 9 படிக்கிற பெடியன் ஒருவன் தாயோடு வந்தான், உப்புவெளிப் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறுவதை அளக்கப்போகிறானாம். "அக்கா, மொடல் எங்க செய்விச்சனீங்கள்?" என்று கேட்டான். தாயும் காசைப் பற்றித்தான் என்னிடம் விசாரித்தா. மகள் உள்ளே போய் ஒரு புதுச் சி.ஆர். கொப்பியும் வெறும் போத்தல் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "முதல்ல சொல்லு, எத்தினை மணிக்கு அள்ளப் போறாய்?" என்று கேட்டாள்.